கறுப்பு மெஷினா, ஜிக்ஜாக்கா, பவர் மெஷினா? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில் தையல் இயந்திரம் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ தையல் இயந்திரக் கடைக்குப் போனால், பெரும்பாலும் மூன்று வகை இயந்திரங்களைக் காட்டுவார்கள். காலால் மிதித்து ஓட்டும் கறுப்பு மெஷின் ஒன்று. மேசைமேல் வைத்து மின்சாரத்தில் ஓட்டும் வெள்ளை நிற ஜிக்ஜாக் மெஷின் இன்னொன்று. ஆயத்த ஆடை நிறுவனங்களில் வரிசையாக நிற்கும் பவர் மெஷின் மூன்றாவது. காரிமங்கலம் பக்கத்தில் பல ஆண்டுகளாக ரவிக்கையும் சுடிதாரும் தைத்துக்கொடுத்து வருபவள் என்ற முறையில் இம்மூன்றிலும் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறேன்; புதிதாகத் தொழில் தொடங்கும் பெண்களோடு கடைக்குத் துணையாகவும் போயிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து இம்மூன்றையும் மதிப்பிட்டு எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். எந்தத் துணியை அதிகமாகத் தைக்கப் போகிறோம், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இயந்திரம் ஓடும், பழுதானால் எவ்வளவு தூரத்தில் மெக்கானிக் கிடைப்பார் என்பவை அவை. முதல் இரண்டையும் கடைக்காரரே கேட்டுவிடுவார். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. ஆனால் பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை போன்ற ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களில் இருப்பவர்களுக்கு அந்த மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு இயந்திரம் நின்றுபோய், அதைச் சேலத்துக்கோ பெங்களூருக்கோ அனுப்பிவிட்டுக் காத்திருக்க நேர்ந்தால், அந்த ஆண்டின் பெரிய வருமானமே கைவிட்டுப் போய்விடும்.

இந்தக் காரணத்தால்தான் முதல் இயந்திரம் வாங்கும் பெரும்பாலோருக்குக் கறுப்பு மெஷினையே பரிந்துரைக்கிறேன். வார்ப்பிரும்பு உடலும் இரும்பு ஸ்டாண்டும் கொண்ட இந்த நேர்த்தையல் இயந்திரம் உஷா, சிங்கர், மெரிட் ஆகிய பெயர்களிலும், லூதியானாவில் இயங்கும் பல சிறு நிறுவனங்களின் பெயர்களிலும் விற்கப்படுகிறது. இவற்றில் பெரும்பாலானவை சிங்கர் நிறுவனத்தின் 15ஆம் எண் மாதிரியின் அமைப்பையே பின்பற்றியவை. அதனால் ஒரு நிறுவனத்தின் பாபினும் (அடி நூல் சுற்றும் சிறு உருளை) அதை வைக்கும் பாபின் கேஸும் ஊசியும் மற்றொரு நிறுவனத்தின் இயந்திரத்திலும் பெரும்பாலும் பொருந்திவிடும். சிறு நகரத்துத் தையல் பொருள் கடையில்கூட இவை தொங்கிக்கொண்டிருக்கும். மேல் நூலை அடி நூலோடு பூட்டும் ஷட்டிலைக் கழற்றிச் சிக்கிய நூலை எடுத்து மீண்டும் மாட்டுவதை யாரும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். மெக்கானிக் வரவேண்டிய அளவுக்குப் பழுதானாலும், இந்த மெஷினைச் சரிசெய்யத் தெரிந்தவர் காவேரிப்பட்டணம், பாலக்கோடு அளவிலான ஊர்களிலேயே கிடைத்துவிடுகிறார்.

இதற்கு ஒரே ஒரு தையல்தான் தெரியும், அது நேர்த்தையல். பலர் இதைக் குறையாக நினைக்கிறார்கள். லைனிங் வைத்த ஒரு ரவிக்கையை எடுத்துக்கொண்டு, அதில் எந்தெந்த இடத்தில் என்ன தையல் விழுகிறது என்று பார்த்தால் உண்மை விளங்கும். உடல் வளைவுக்கேற்ப மடித்துத் தைக்கும் டாட் பிடிப்பது, தோள் இணைப்பது, கை ஏற்றுவது, கழுத்துக்குப் பைப்பிங் வைப்பது, பட்டி தைப்பது எல்லாமே நேர்த்தையல்தான். உள்பக்கம் பிசிர் வராமல் ஓவர்லாக் அடிக்க மட்டும் வேறு மெஷின் தேவைப்படும். அதை நகரத்து ஓவர்லாக் கடையில் மொத்தமாகக் கொடுத்துச் சிறு தொகைக்கு முடித்துக்கொள்ளலாம். சேலைக்கு ஃபால்ஸ் வைக்கவும் நேர்த்தையல் போதும்.

கறுப்பு மெஷின் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. பின்தையல் போடும் நெம்புகோல் இருக்கிறதா என்று பாருங்கள். சில விலை குறைந்த தலைகளில் (ஸ்டாண்டும் பலகையும் சேராத, தைக்கும் பகுதி) அது இருப்பதில்லை, ஒவ்வொரு தையலின் முடிவிலும் துணியைத் திருப்பிப் போட வேண்டியிருக்கும். தலையின் பின்பக்கம், சக்கரத்தை ஒட்டி, மோட்டார் பொருத்துவதற்கான திருகுத் துளை இருக்க வேண்டும். இன்று மிதித்து ஓட்டுபவர் நாளை மோட்டார் போட நினைக்கலாம், அப்போது இந்தத் துளை இல்லாவிட்டால் தொல்லை. முழங்கால் வலியோ இடுப்பு வலியோ உள்ளவர்கள் முதலிலேயே மோட்டாருடன் வாங்கிவிடுவது நல்லது. ஆனால் ஸ்டாண்டையும் தோல் பெல்ட்டையும் விட்டுவிட வேண்டாம். மின்சாரம் நின்றாலும் பெல்ட்டை மாட்டிக்கொண்டு மிதித்து வேலையை முடிக்கலாம் என்பது நம் கிராமங்களில் சாதாரண வசதி அல்ல. மழைக்காலத்தில் தோல் பெல்ட் தளர்ந்தால், கம்பிக் கொக்கியைக் கழற்றிச் சிறிது வெட்டி மறுபடி மாட்டினால் போதும்.

பேன்ட், பை, தடித்த சீருடைத் துணி ஆகியவற்றை அதிகம் தைப்பவர்கள் சற்றுப் பெரிய தலை கொண்ட அம்ப்ரெல்லா ரகத்தைப் பார்க்கலாம். ரவிக்கைக்கு அது தேவையில்லை.

விலையைப் பொறுத்தவரை, தலையும் ஸ்டாண்டும் பலகையும் சேர்ந்து சுமார் 7,000 முதல் 10,000 ரூபாய்க்குள் நல்ல கறுப்பு மெஷின் அமைகிறது, மோட்டார் தனி. இங்கே ஓர் எச்சரிக்கை. சில கடைகளில் முதலில் சொல்லும் விலை தலைக்கு மட்டுமே உரியது. ஸ்டாண்டு, பலகை, மூடி, பெல்ட் எல்லாவற்றையும் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். ஆகையால் எல்லாம் சேர்த்து வீட்டுக்கு வந்து இறங்கும் விலை என்ன என்று கேட்டு, அதை மட்டுமே பிற கடைகளின் விலையோடு ஒப்பிட வேண்டும்.

ஜிக்ஜாக் மெஷின்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவற்றின் இடம் வேறு. உஷா ஜனோமேயின் ட்ரீம் ஸ்டிச், அல்லூர் ஆகிய மாதிரிகளும், சிங்கர், பிரதர் நிறுவனங்களின் மாதிரிகளும் நம் பக்கத்துக் கடைகளில் பரவலாகக் கிடைக்கின்றன. விலை ஏறத்தாழ 10,000 முதல் 18,000 ரூபாய் வரை போகிறது. எடை ஆறு கிலோ அளவில்தான் இருக்கும் என்பதால் வேலை முடிந்ததும் அலமாரியில் வைத்துவிடலாம். சிறிய வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. தன் குழந்தைகளுக்கும் தனக்கும் தைத்துக்கொள்பவர், வாரத்தில் சில மணி நேரம் மட்டும் உட்காருபவர், தையல் கற்றுக்கொள்ளும் ஆர்வத்தில் இருப்பவர் ஆகியோருக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். ஓசை குறைவு, தையல் சீர், காஜா எடுக்கலாம், சேலை ஓரத்துக்கு ஜிக்ஜாக் போடலாம், சுடிதாரின் உள்விளிம்பை ஓரளவு பிசிரில்லாமல் முடிக்கலாம்.

தையல் வகைகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம் என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ட்ரீம் ஸ்டிச்சில் 7 வகைத் தையல், அல்லூரில் 13 வகை என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். நடைமுறையில் நேர்த்தையல், ஜிக்ஜாக், காஜா, இழுபடும் துணிக்கான ஸ்ட்ரெட்ச் தையல், வெளியே தெரியாமல் மடிப்பு அடிக்கும் தையல் ஆகிய ஐந்தைத் தாண்டி மற்றவற்றைத் தொடுபவர் அரிது. அலங்காரத் தையல்களை முதல் வாரம் கைக்குட்டையில் போட்டுப் பார்ப்பார்கள், பிறகு அந்தச் சக்கரத்தைத் திருப்பவே மாட்டார்கள். எனவே தையல் எண்ணிக்கைக்காகக் கூடுதலாக 4,000 ரூபாய் கொடுப்பதைவிட, காஜா எடுக்கும் முறை எளிதாக இருக்கிறதா, ஊசியில் நூல் கோத்துத் தரும் கருவி உண்டா, துணியை நகர்த்தும் பல் சட்டத்தைக் கீழே இறக்க முடியுமா, தையல் விழும் இடத்தில் வெளிச்சம் போதுமானதா என்பவற்றுக்காகக் கொடுக்கலாம். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நூல் கோக்கும் கருவி ஒன்றே அந்தக் கூடுதல் விலைக்கு ஈடு.

ஆனால் நாள் முழுவதும் கூலிக்குத் தைப்பவர் இதையே நம்பி இருக்கக் கூடாது. இவற்றின் மோட்டார் சிறியது. தொடர்ந்து ஓட்டினால் சூடேறும். உள்ளே உள்ள பற்சக்கரங்களில் சில பிளாஸ்டிக்கால் ஆனவை. நான்கு மடிப்பு ஜீன்ஸ் துணியின் ஓரத்தை நாள்தோறும் அடித்தால் அவை விரைவில் தேய்ந்துவிடும். பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் குறையும் கிராமங்களில், தடித்த தையலைக் கடக்கும்போது ஊசி பாதியில் நின்று முனகுவதை நானே பார்த்திருக்கிறேன். ஊசிக்கும் அடியில் நூலைப் பிடிக்கும் கொக்கிக்கும் உள்ள நேரக் கணக்கு தப்பினால் அதைத் திருத்தத் தெரிந்தவர் மாவட்டத் தலைநகரங்களிலேயே சிலர்தான் இருக்கிறார்கள். கணினிப் பலகை உள்ள மாதிரி என்றால் நிறுவனத்தின் சேவை மையத்துக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழி இல்லை. கறுப்பு மெஷினில் தொழில் நடத்திக்கொண்டு, சேலை ஓரம் அடிப்பதற்கும் காஜாவுக்கும் இரண்டாவது இயந்திரமாக ஜிக்ஜாக் வைத்துக்கொள்வது நல்ல இணை.

இனி பவர் மெஷின். பர்கூரிலும் ஓசூரிலும் பெங்களூரிலும் ஆயத்த ஆடை நிறுவனங்களில் வேலை பார்த்த பெண்கள் திருமணத்துக்குப் பிறகோ, குழந்தை பிறந்த பிறகோ ஊர் திரும்பும்போது, கையில் பழகிய இயந்திரம் இதுதான் என்பதால் இதையே வாங்க விரும்புகிறார்கள். அது சரியான விருப்பமே. ஜூக்கி, ஜாக், பிரதர் முதலிய நிறுவனங்களின் ஒற்றை ஊசி இயந்திரங்கள் புதிதாக மேசையும் மோட்டாரும் சேர்த்து 20,000 ரூபாயைத் தாண்டி, மாதிரிக்கேற்ப 30,000 வரையும் அதற்கு மேலும் போகின்றன. ஜூக்கியின் டிடிஎல் 8700 நிமிடத்துக்கு அதிகபட்சமாக 5,500 தையல் வரை ஓடக்கூடியது. வீட்டு ஜிக்ஜாக் மெஷின் 700, 800 தையலிலேயே தன் எல்லையைத் தொட்டுவிடும். பள்ளிச் சீருடை, நைட்டி, உள்பாவாடை என்று ஒரே வகை உடையை நூற்றுக்கணக்கில் தைப்பவருக்கு இந்த வேகம் நேரடியாகப் பணம். தமிழ்நாடு அரசின் விலையில்லாச் சீருடைகளை மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்களே தைத்துத் தருகிறார்கள். அத்தகைய வேலை கையில் இருப்பவர் பவர் மெஷினுக்குப் போட்ட முதலை விரைவிலேயே எடுத்துவிடலாம்.

வாங்குமுன் அறிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி, பவர் மெஷினும் நேர்த்தையல் மட்டுமே போடும் என்பது. இத்தனை ஆயிரம் கொடுத்தால் ஓவர்லாக்கும் சேர்ந்தே வரும் என்று நம்பி வருபவர்களைக் கடைகளில் பார்க்கிறேன். ஓவர்லாக் தனி இயந்திரம், தனி விலை. அடுத்தது, மோட்டார். பழைய கிளட்ச் மோட்டார், சுவிட்சைப் போட்ட கணம் முதல் நாம் தைத்தாலும் தைக்காவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். மின்சாரமும் செலவாகும், இரைச்சலும் குறையாது. சர்வோ மோட்டார் மிதியை அழுத்தும்போது மட்டும் ஓடும்; வேகத்துக்கு உச்சவரம்பு வைத்துக்கொள்ளவும் முடியும். பழகாத கை முதல் மாதம் குறைந்த வேகத்தில் ஓட்டிப் பழகலாம், விரலில் ஊசி ஏறும் ஆபத்தும் குறையும். ஆகவே விலை கொஞ்சம் கூடினாலும் சர்வோ மோட்டாரே வேண்டும் என்று உறுதியாகக் கேளுங்கள். மூன்றாவதாக, ஒரே மாதிரியிலேயே மெல்லிய, நடுத்தர, தடித்த துணிகளுக்கென்று தனித்தனி வகைகள் உண்டு. ஜீன்ஸ் தைக்கும் வகையில், ரவிக்கைக்குப் பயன்படும் மெல்லிய ரூபியாத் துணியை வைத்தால் துணி சுருங்கிக்கொண்டு வரும். ரவிக்கையும் சுடிதாரும் தைப்பவர் அதைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

இடத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தலையே 30 கிலோ அளவில் எடை கொண்டது, மேசை ஏறத்தாழ நான்கு அடி நீளம். மாடிப்படி குறுகலான வீட்டில் அதை ஏற்றுவதும் பிறகு இடம் மாற்றுவதும் எளிதல்ல. எண்ணெய்த் தொட்டி உள்ள மாதிரிகளில் எண்ணெய் மட்டத்தைக் கவனிக்காமல் ஓட்டினால் கொக்கி தேய்ந்து பெரிய செலவு வைக்கும்.

தொழிற்சாலைகளில் கழித்துவிடப்பட்ட பவர் மெஷின்கள் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைப்பதுண்டு. இயந்திரத்தைப் பற்றி அறிந்த ஒருவர் உடன் வந்தால் மட்டும் வாங்கலாம். பாபின் பக்கத்துக் கொக்கியின் முனை மழுங்கியிருக்கிறதா, ஊசித் தண்டைக் கையால் பிடித்து அசைத்தால் ஆடுகிறதா, பல் சட்டத்தின் பற்கள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டனவா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். பெயிண்ட் புதிதாக இருப்பதற்கும் உள்ளே இருக்கும் நிலைக்கும் தொடர்பு இல்லை.

இணையத்தில் 1,000, 2,000 ரூபாய்க்கு வரும் சிறு பிளாஸ்டிக் மெஷின்களையும், கையில் பிடித்துத் தைக்கும் ஸ்டேப்ளர் போன்ற கருவிகளையும் வாங்கவே வேண்டாம். கையில் பிடிக்கும் கருவி போடுவது ஒற்றை நூல் சங்கிலித் தையல். நூலின் முனையை இழுத்தால் முழுத் தையலும் பிரிந்துவிடும். எம்பிராய்டரிக்கென்று உள்ள கணினி இயந்திரங்களும் நம் பக்கத்து ரவிக்கைத் தொழிலுக்கு முதல் தேவை அல்ல. இங்கே வாடிக்கையாளர்கள் கேட்பது ஆரி வேலைப்பாடு. அதற்கு வேண்டியது ஒரு மரச் சட்டமும் ஆரி ஊசியும் பொறுமையும்.

கடையில் சோதித்துப் பார்க்கும் முறைக்கு வருகிறேன். கடைக்காரர் வைத்திருக்கும் மொடமொடப்பான பருத்தித் துணியில் எந்த மெஷினும் அழகாகவே தைக்கும். நீங்கள் தைக்கப் போகும் துணிகளின் துண்டுகளை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். லைனிங்கோடு சேர்த்த ரூபியா, வழுக்கும் சின்தெடிக் சேலைத் துணி, பட்டு, நான்காக மடித்த ஜீன்ஸ் ஓரம் ஆகிய நான்கும் போதும். மேல் நூலையும் பாபின் நூலையும் இரு நிறங்களில் போட்டுத் தைக்கச் சொல்லுங்கள். இரண்டு நூலும் துணிக்குள் நடுவில் பூட்டிக்கொள்ள வேண்டும். மேல்பக்கத்தில் அடி நூலின் நிறம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் டென்ஷன் (நூலின் இறுக்கம்) சரியில்லை என்று பொருள், திருகைத் திருப்பிச் சரிசெய்து காட்டச் சொல்ல வேண்டும். பிறகு தையலின் இருபுறமும் பிடித்து இழுத்துப் பாருங்கள். சின்தெடிக் துணியில் தையல் விட்டு விட்டு விழுகிறதா என்று குறிப்பாகக் கவனியுங்கள், ஏனெனில் பெரும்பாலான குறைகள் அங்கேதான் தெரியவரும். அப்படி விழுந்தாலும் உடனே மெஷினைக் குறை சொல்ல வேண்டாம். முதலில் ஊசியை மாற்றச் சொல்லுங்கள். மெல்லிய துணிக்கு 11, சாதாரணத் துணிக்கு 14, சீருடைத் துணிக்கு 16, ஜீன்ஸுக்கு 18 என்பது பொதுவான கணக்கு; உறைமேல் இவையே 75, 90, 100, 110 என்றும் அச்சிடப்பட்டிருக்கும். வீட்டு மெஷின் ஊசியின் தலை ஒரு பக்கம் தட்டையாகவும், பவர் மெஷின் ஊசியின் தலை முழு உருண்டையாகவும் இருக்கும். ஒன்றை மற்றொன்றில் போடக் கூடாது.

எல்லாம் முடிந்ததும் நூலை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்கேயும் இறுகவோ தட்டவோ கூடாது. இந்தச் சோதனைகளுக்கெல்லாம் முகம் சுளிக்கும் கடையில் வாங்காமல் வருவதே நல்லது. ஒரு மாதம் ஓடிய பிறகு முதல் சர்வீஸை யார் செய்வார், அவர் வீட்டுக்கு வருவாரா, நாம் தூக்கிச் செல்ல வேண்டுமா என்பதைக் கேட்டு, மெக்கானிக்கின் கைபேசி எண்ணைக் கடையிலிருந்தே அழைத்துப் பார்த்துவிட்டு வாங்குவது என் வழக்கம். எண்ணெய் விஷயத்திலும் ஒரு சொல்: தேங்காய் எண்ணெய் விடுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது சில மாதங்களில் பிசினாக இறுகி இயந்திரத்தைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷினுக்கென்று விற்கும் நிறமற்ற எண்ணெயை மட்டுமே விட வேண்டும்.

கையில் உள்ள பணத்தில் முழுவதையும் இயந்திரத்துக்கே கொடுத்துவிடுவதும் சரியல்ல. நல்ல கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி, வெட்டும் மேசை, சரியான உயரத்தில் ஒரு நாற்காலி, நல்ல விளக்கு ஆகியவற்றுக்கு 3,000 ரூபாயாவது ஒதுக்க வேண்டும். 12,000 ரூபாய் வைத்திருப்பவர் 9,000 ரூபாய்க்கு மெஷின் வாங்கினால் அடுத்த நாளே தொழில் தொடங்கலாம்.

விலை நிலவரத்தில் சாதகமான மாற்றம் ஒன்று நடந்திருக்கிறது. தையல் இயந்திரங்களுக்கும் அவற்றின் ஊசி, உதிரிப்பாகங்களுக்குமான ஜிஎஸ்டி வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. பில்லில் அந்த வீதம்தான் போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

உதவி தேவைப்படுபவர்களுக்கு வழிகளும் உண்டு. கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், ஆதரவற்றவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குச் சமூக நலத் துறை, சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின் கீழ் இலவசத் தையல் இயந்திரம் வழங்குகிறது. அதற்குத் தையல் தெரியும் என்பதற்கான பயிற்சிச் சான்றிதழ் கேட்கப்படும் என்பதால் முதலில் அதைப் பெற்றுக்கொள்ள வேண்டும். இந்தியன் வங்கி நடத்தும் சுயதொழில் பயிற்சி நிறுவனத்தில் தையல் பயிற்சி கட்டணமின்றிக் கிடைக்கிறது. 35 வயது நிறைந்தவர்கள் கலைஞர் கைவினைத் திட்டத்தின் கடனுதவி குறித்து மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியத்துடன் 3 லட்சம் ரூபாய் வரை அதில் கடன் உண்டு.

வங்கிக் கடனில் வாங்குபவர்கள் கடையிலிருந்து விலைப்புள்ளி வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கும். அதில் "தையல் இயந்திரம் ஒன்று" என்று பொதுவாக எழுதித் தந்தால் ஏற்க வேண்டாம். நீங்கள் உட்கார்ந்து தைத்துப் பார்த்த மாதிரியின் பெயர், ஸ்டாண்டு அல்லது மேசை, மோட்டார் சர்வோவா கிளட்ச்சா என்பது, இவை ஒவ்வொன்றின் விலை ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கடன் தொகை நேரடியாகக் கடையின் கணக்குக்கே போய்ச் சேரும். அதன் பிறகு வேறு மாதிரி வந்து இறங்கினால், அந்தத் தாளைக் காட்டித்தான் நீங்கள் கேட்டதைக் கொடுக்கும்படி சொல்ல முடியும்.